எஞ்சின் புகைக்குக் கணக்குக் கேட்டவர்
ஆரி யான் ஹாகன்-சிமிற் (1900–1977)

ஓர் எஞ்சினின் தரத்தை மதிப்பிடுவோர், அது எத்தனை குதிரைவலு தருகின்றது, எத்துணைப் பெற்றோலைக் குடிக்கின்றது, எத்தனை ஆண்டுகள் பழுதின்றி உழைக்கும் என்று கேட்பது வழக்கம். அது வெளியே விடும் புகை எங்கே செல்கின்றது, அங்கே என்ன செய்கின்றது என்னும் வினாவை நெடுங்காலம் எவரும் கேட்டிலர். காற்று பரந்தது, புகை அதிற் கரைந்து போம், அத்தோடு அதன் கதை முடிந்தது என்றே பொறி செய்தோரும் பொறி வாங்கினோரும் எண்ணியிருந்தனர்.

அவ்வெண்ணம் பிழையானதென்று நிறுவியவர் ஆரி யான் ஹாகன்-சிமிற் என்னும் ஒல்லாந்த நாட்டு அறிஞர். நெடுஞ்சாலையில் ஓடும் மோட்டார் வண்டி தொடக்கம் காட்டிலே மரம் அரியும் சங்கிலி வாளின் சிறு எஞ்சின் வரை இன்று புகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்களுக்குட்பட்டுள்ளன என்றால், அச்சட்டங்களின் வேர் இவர் ஆய்வுகூடத்திலேயே உள்ளது. வியப்புக்குரியது யாதெனில், இவர் எஞ்சின் வல்லுநர் அல்லர். பூவினதும் பழத்தினதும் மணத்தை ஆராய்ந்து காலங்கழித்த இரசாயன அறிஞரே இவர்.

இளமையும் கல்வியும்

ஹாகன்-சிமிற் 1900ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 22ஆம் நாள் ஒல்லாந்தின் யூத்ரெக்ற் நகரிலே பிறந்தார். தந்தையார் அந்நகரிலிருந்த அரச நாணயசாலையில் இரசாயன அறிஞராகப் பணிபுரிந்தவர். மைந்தரும் அத்துறையையே நாடி, யூத்ரெக்ற் பல்கலைக்கழகத்திற் பயின்று, 1929இற் கலாநிதிப் பட்டம் பெற்றார். தாவரங்களின் நறுமண எண்ணெய்களிற் காணப்படும் சில சேர்வைகளே அவருடைய ஆய்வுப் பொருள். பின்னர், செடிகொடிகளின் வளர்ச்சியைத் தூண்டும் பொருள்களைத் தேடிய குழுவிலே சேர்ந்து உழைத்தார். அக்குழுவினர் 1934இல் அத்தகைய பொருளொன்றை மனிதரின் சிறுநீரிலிருந்து பிரித்தெடுத்தமை தாவர விஞ்ஞானத்திற் பெயர்பெற்ற நிகழ்ச்சியாகும்.

1936இல் அமெரிக்காவின் ஹாவாட் பல்கலைக்கழகத்துக்குச் சென்ற அவர், அடுத்த ஆண்டிலே கலிபோர்னியா மாநிலத்துப் பசடேனா நகரிலுள்ள கலிபோர்னியாத் தொழினுட்பக் கழகத்திற் சேர்ந்தார். அதுவே இறுதிவரை அவருக்கு இருப்பிடமாயிற்று. அங்கே அவர் மேற்கொண்ட பணிகளுள் ஒன்று அன்னாசிப் பழத்தின் மணம் எதனால் உண்டாகின்றது என்று காண்பது. பழத்திலிருந்தெழும் ஆவியைக் கடுங்குளிரிலே பிடித்து, துளித்துளியாகச் சேர்த்து, அதனுள் என்னென்ன பொருள் எவ்வளவிருக்கின்றது என்று அறியும் நுண்தொழில் அது. கண்ணுக்குப் புலப்படாத ஒன்றைக் கையிற் கொண்டுவரும் இப்பயிற்சியே பின்னர் பெரியதொரு வழக்குக்குச் சான்று தேட உதவிற்று.

நகரைக் கவிந்த புகை

பசடேனாவுக்கு அண்மையிலுள்ள லொஸ் ஏஞ்சலிஸ் நகரம் மலைகளாற் சூழப்பட்டது. கடற்பக்கத்துக் குளிர்ந்த காற்றின் மேல் வெப்பக் காற்று மூடிபோல அமர்ந்துவிடுவது அங்கு வழமை. அவ்வேளைகளிற் கீழிருந்து எழும் புகைக்கு மேலே செல்ல வழியில்லை. 1943ஆம் ஆண்டு யூலை மாதத்திலே நகரை ஒரு மங்கல் நிறப் புகை கவிந்தது. மக்களுக்குக் கண் எரிந்தது, தொண்டை கரகரத்தது. போர்க் காலமாதலால், பகைவர் நச்சுவாயு வீசினரோ என்றுகூடச் சிலர் அஞ்சினர். பின்னர் செயற்கை இறப்பருக்கான மூலப்பொருள் செய்த ஆலையொன்றின் மீது பழி வீழ்ந்தது. ஆலையை மூடியும் புகை ஒழிந்தபாடில்லை.

1947இல் அம்மாவட்டத்திற் காற்று மாசுக் கட்டுப்பாட்டுப் பிரிவொன்று நிறுவப்பட்டது. எண்ணெய் சுத்திகரிக்கும் ஆலைகளிலிருந்து வெளிவந்த கந்தகப் புகை குறைக்கப்பட்டது. அப்பொழுதும் நிலைமை மாறவில்லை. வயல்களிலே பசளிக் கீரையின் இலைகள் வெளிறிக் கருகின. வண்டிகளின் ரயர்கள் பிற நகரங்களிலும் பார்க்க விரைவில் வெடித்துப் பிளந்தன.

இலண்டன் நகரத்துப் புகை வேறு வகையானது. 1952ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் அங்கே ஏறத்தாழ 4,000 உயிர்களைக் கவர்ந்ததாக அக்காலத்திற் கணிக்கப்பட்ட புகைமூடுபனி, நிலக்கரியின் கந்தகத்தினால் விளைந்தது. குளிரிலும் ஈரத்திலும் வளர்ந்தது. லொஸ் ஏஞ்சலிஸ் புகையோ வெயில் நன்றாக எறிக்கும் நாளிலேயே கடுமையாயிற்று. இவ்வேறுபாட்டின் உட்பொருளைக் கண்டவர் ஹாகன்-சிமிற்.

காற்றிலிருந்து சில துளிகள்

அன்னாசியின் மணத்தைப் பிடித்த அதே முறையை அவர் நகரத்துக் காற்றின்மீது பிரயோகித்தார். ஏறத்தாழ 30,000 கன அடி காற்றைக் கடுங்குளிரூட்டிய குழாய்களினூடாகச் செலுத்தினார். எஞ்சியவை தீநாற்றமுடைய கபிலநிறத் திரவத்தின் சில துளிகள். ஆராய்ந்தபோது, அவை ஒட்சிசனோடு கூடி மாற்றமடைந்த சேதனப் பொருள்கள் என்பது புலனாயிற்று. கந்தகம் இப்புகையின் மூலகாரணம் அன்று; எரியாது தப்பிய எரிபொருளே மூலம் என்ற எண்ணம் அவருள்ளத்தில் உருவாயிற்று.

அதன்பின் ஒன்றன்மேலொன்றாகச் சான்றுகளை அடுக்கினார். பெற்றோலின் ஆவியையும் நைதரசன் ஒட்சைட்டுக்களையும் கண்ணாடிக் கூண்டொன்றிலே கலந்து ஒளி படச் செய்தார். அங்கே ஓசோன் வாயு பிறந்தது. அக்கூண்டினுள் வைத்த பசளி, பீற்றூட், ஓட்ஸ் முதலிய பயிர்கள் வயலிற் கண்ட அதே நோய்க்குறிகளைக் காட்டின. வளைத்து வைத்த இறப்பர்த் துண்டு, தீய புகை கவிந்த நாளிற் பிளப்பதுபோலவே பிளந்தது. ஆலையும் வண்டியும் வெளிவிடும் பொருள்கள் தாமே முழுத் தீங்கினையும் செய்வன அல்ல. கதிரவனொளி பட்டு அவை வானத்திலே வேறொரு நஞ்சாக மாறுகின்றன. 1952இல் அவர் வெளியிட்ட கட்டுரையின் சாரம் இதுவே.

அக்காலத்து எஞ்சின் இரு வாயில்களாலும் எரியாத பெற்றோலைக் கசியவிட்டது. பெற்றோல் மிகுந்த கலவையில் ஓடும்போது ஒரு பகுதி எரியாமலே புகைக்குழாய்வழி சென்றது. உருளையின் ஓரத்தாற் கீழே நழுவிய வாயு எஞ்சினின் அடிப்பெட்டியிற் சேர்ந்து, அங்கிருந்து நேரே வெளியேறியது. நகரிலே வண்டிகளோ இலட்சக் கணக்கில் ஓடின. ஆகவே குற்றவாளி ஒரே ஆலையன்று. ஒவ்வொரு வீட்டு வாயிலிலும் நின்ற மோட்டார் வண்டி.

எதிர்ப்பும் உறுதியும்

இம்முடிவு எவருக்கும் இனிக்கவில்லை. எண்ணெய்க் கைத்தொழிலாரின் பணவுதவியோடு ஆய்வு நடத்திய நிறுவனமொன்று அவருடைய கருத்தை மறுத்துரைத்தது. வண்டி செய்வோர், தம் எஞ்சினின் புகை காற்றிலே விரைவிற் கலைந்துபோம் என்றே சாதித்தனர். மணங்களின் ஆராய்ச்சிக்குத் திரும்பி அமைதியாக வாழ்ந்திருக்கலாம்; அதுவே அவர் மனத்துக்குகந்த துறையுமாம். ஆயினும் தாம் கண்ட உண்மையை மறுப்பின் நடுவே விட்டுச்செல்ல அவர் இசைந்தாரில்லை. மீண்டும் மீண்டும் அளந்தார். மாற்றாரின் வாதத்துக்கு வசைமொழியால் அன்றி அளவையாலேயே விடை தந்தார். 1950ஆம் ஆண்டுகள் முடிவதன்முன் அவர் கருத்தே விஞ்ஞானிகளின் பொதுக் கருத்தாயிற்று.

1960இற் கலிபோர்னியா அரசு மோட்டார் வண்டிப் புகையை அடக்குவதற்கென ஒரு சபையை அமைத்தது. ஹாகன்-சிமிற் அதில் உறுப்பினரானார். முதலில், அடிப்பெட்டியிற் சேரும் வாயுவைத் திருப்பி எஞ்சினுக்குள்ளேயே எரிக்கும் எளிய வால்வொன்று புதிய வண்டிகளுக்குக் கட்டாயமாக்கப்பட்டது. 1966ஆம் ஆண்டு மாதிரி வண்டிகள் தொடக்கம் புகைக்குழாயின் வழி வரும் ஐதரோகாபன்களுக்கும் காபனோரொட்சைட்டுக்கும் எல்லை விதிக்கப்பட்டது. அமெரிக்காவிலே அதுவே முதன்முறை.

ஒரு நோயைத் தீர்க்க மற்றொன்று தோன்றியது. எல்லைக்குள் நிற்பதற்காகப் பெற்றோலைக் குறைத்துக் காற்றைக் கூட்டி எஞ்சினைச் சீரமைத்தபோது, எரிதல் வெப்பமானது. அவ்வெப்பத்தால் நைதரசன் ஒட்சைட்டுக்கள் பெருகின. புகைப்பனிக்கு வேண்டிய இரு பொருள்களுள் ஒன்று குறைய மற்றது மிகுந்தது. எஞ்சினின் ஒரு திருகைத் திருப்பினால் எல்லாம் சரியாகும் என்று நம்புவோர்க்கு இது நல்ல பாடம். 1968இற் கலிபோர்னியாக் காற்று வளச் சபை கூடியபோது அதன் முதற் தலைவராக அமர்ந்தவர் ஹாகன்-சிமிற். அவர் தலைமையில் நைதரசன் ஒட்சைட்டுக்களுக்கும் 1971ஆம் ஆண்டு மாதிரி வண்டிகளிலிருந்து எல்லை வகுக்கப்பட்டது. 1973 வரை அப்பதவியிலிருந்தார். அந்த ஆண்டுக்குரிய அமெரிக்கத் தேசிய விஞ்ஞானப் பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது. 1977ஆம் ஆண்டு மார்ச் மாதம் 17ஆம் நாள் பசடேனாவிலே அவர் காலமானார்.

சிறு எஞ்சின்களின் முறை

அவர் மறைந்த பின்னும் அவர் தொடுத்த வினா ஓயவில்லை. வண்டிகள் தூய்மையடைய, புல்வெட்டும் பொறி, இலையூதும் பொறி, சங்கிலி வாள் ஆகியவற்றின் புகை புலப்படத் தொடங்கிற்று. சங்கிலி வாளை எப்பக்கம் சாய்த்தும் மரம் அரிய வேண்டும்; தோளிற் சுமந்து செல்லவும் வேண்டும். ஆதலால் அதற்கு எளிய ஈரடிப்பு எஞ்சினே பொருத்தம். ஆனால் அதனுள்ளே புதிய கலவையே பழைய புகையைத் தள்ளி வெளியேற்றுகின்றது. தள்ளும்போது தானும் ஓரளவு வெளியேறிவிடுகின்றது. பழைய ஈரடிப்பு எஞ்சின்களில், ஊற்றிய எரிபொருளில் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை எரியாமலே காற்றிற் கலந்தது.

1990இல் அதே காற்று வளச் சபை சிறு எஞ்சின்களுக்கும் விதி வகுத்தது. 1995இல் அது நடைமுறைக்கு வந்தது. 1997இல் அமெரிக்க மத்திய அரசும் பின்பற்றியது. காபரேட்டரின் திருகுகளை விரும்பியபடி திருப்ப முடியாதவாறு அவற்றின்மேல் மூடிகள் பொருத்தப்பட்டன.

மரவெட்டிகள் முறையிட்டனர். அவர்களின் முறைப்பாட்டை எள்ளி நகையாடுதல் தகாது. ஈரடிப்பு எஞ்சினுக்குத் தனியான எண்ணெய்த் தொட்டியில்லை. 50 பங்கு பெற்றோலுக்கு 1 பங்கு எண்ணெய் என்ற கலவையே எரிபொருளாகவும் மசகாகவும் பயன்படுவது; எஞ்சினைக் குளிர்விப்பதிலும் அதற்குப் பங்குண்டு. கலவை வறண்டால் புகை குறையும். ஆனால் வெப்பம் ஏறும், மசகு குறையும், பிஸ்டன் உருளையோடு உராய்ந்து கீறுண்டு இறுகிப் போம். அனுபவமுள்ளவர், வாள் வெறுமையாக முழு வேகத்தில் ஓடும்போது எழும் ஓசை சற்றே தடுமாறி, மரத்திற் படும்போது தெளிவதைக் காதாற் கேட்டே திருகை அமைப்பர். மலையுச்சிக்கும் பள்ளத்தாக்குக்கும், கோடைக்கும் குளிருக்கும் காற்றின் அடர்த்தி வேறு. அதற்கேற்பத் திருப்புவதற்குப் போதிய இடமின்றி மூடி பூட்டினால், கூலிக்கு உழைப்பவனின் கருவி அன்றோ கெடும்?

இம்முறைப்பாட்டுக்கு விடை விதியைக் கைவிடுவதாக அமையவில்லை. எஞ்சினையே மேம்படுத்துவதாக அமைந்தது. கலவைக்கு முன்னே தூய காற்றின் ஒரு படையை உருளைக்குள் செலுத்தி, அக்காற்றே புகையைத் தள்ளுமாறு செய்தனர். வெளியே தப்புவது பெரிதும் வெறுங்காற்று. எரிபொருள் உள்ளே தங்கிற்று. பின்னர், எஞ்சின் ஓடும் வேகத்தை உணர்ந்து, உயரத்துக்கும் வெப்பத்துக்கும் தக்கவாறு கலவையைத் தானே அமைக்கும் மின்னணுக் காபரேட்டர்களும் வந்தன. புகையும் குறைந்தது, எரிபொருளும் மிஞ்சிற்று, எஞ்சினுக்கும் காப்புக் கிடைத்தது. 2024ஆம் ஆண்டு மாதிரியிலிருந்து கலிபோர்னியா பெரும்பாலான புதிய சிறு எஞ்சின்கள் புகையே விடலாகாது என்று விதித்துள்ளது. எனினும் 45 கன சென்ரிமீற்றரும் அதற்கு மேற்பட்டதுமான சங்கிலி வாள்கள் மத்திய சட்டத்தின் காரணமாக அவ்விதிக்கு வெளியே நிற்கின்றன. வழக்கு இன்னும் முடியவில்லை.

ஹாகன்-சிமிற்றின் வாழ்விலிருந்து மாணவர் கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. பொறியை ஆக்கியோருக்கு அவர் பகைவரல்லர்; பொறியை வெறுத்தவருமல்லர். எஞ்சினின் பயனை ஒருவன் பெற, அதன் கழிவை வேறொருவன் மூச்சாய் இழுப்பது முறையன்று என்பதே அவர் நிலை. அம்முறையின்மையை அவர் மேடைப் பேச்சினால் நிறுவவில்லை. நகரத்துக் காற்றிலிருந்து வடித்த சில துளிகளால் நிறுவினார். அளந்து காட்டிய உண்மையை மறுப்பதற்குப் பெரிய தொழில்களாலும் நெடுங்காலம் இயலவில்லை.