குரலை விட்டுச் செல்லாத ஒலிபரப்பாளர்

ஜார்ஜ் ஆர்வெல் எப்படிப் பேசினார் என்பதை இன்று எவராலும் கேட்க இயலாது. இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக பிபிசி வானொலியில் பணியாற்றியவர். செய்தி விமர்சனங்களை எழுதியதோடு பலவற்றைத் தாமே வாசித்தவர். ஆயினும் அவருடைய குரல்பதிவு ஒரு நிமிட அளவுக்குக்கூட இதுவரை கிடைக்கவில்லை.

எரிக் ஆர்தர் பிளேர் என்பது அவருடைய இயற்பெயர். 1903-இல் பிகாரின் மோதிஹாரியில் பிறந்தார். தந்தை ஆங்கிலேய அரசின் அபினித் துறை அலுவலர். இங்கிலாந்தில் ஈட்டன் பள்ளியில் பயின்றபின், 1922 முதல் 1927 வரை பர்மாவில் காவல் அதிகாரியாக இருந்து, ஏகாதிபத்தியத்தின் மீது வெறுப்புற்று அப்பணியைத் துறந்தார். 1937-இல் ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் துப்பாக்கிக் குண்டு ஒன்று அவருடைய கழுத்தைத் துளைத்தது. உயிர் பிழைத்தார், குரல் நலிந்தது.

1941 ஆகஸ்டில் பிபிசி கிழக்குச் சேவையின் இந்தியப் பிரிவில் சேர்ந்தார். ஏகாதிபத்தியத்தை வெறுத்தவர் அதன் ஒலிவாங்கிக்கு முன் அமர்ந்ததை முரண் என்று கூறுவோர் உண்டு. பாசிசமே அப்போதைய பெருந்தீமை என்று அவர் கருதினார் என்பதை மறந்து அப்படிச் சொல்வது நியாயமன்று. அவர் ஆங்கிலத்தில் எழுதிய செய்தி மடல்கள் குஜராத்தி, மராத்தி, வங்காள மொழிகளோடு தமிழிலும் பெயர்க்கப்பட்டு ஒலிபரப்பாயின என்பதை நம்மில் பலர் அறிந்திருக்க மாட்டோம். பிபிசியின் தமிழ் ஒலிபரப்பு அதே ஆண்டு மே மாதத்தில்தான் தொடங்கியிருந்தது.

1942-இல் 'வாய்ஸ்' என்னும் பெயரில் வானொலியிலேயே ஒரு கவிதை இதழை நடத்தினார். டி.எஸ். எலியட், முல்க் ராஜ் ஆனந்த், இலங்கைத் தமிழரான கவிஞர் தம்பிமுத்து, பின்னாளில் அகில இந்திய வானொலியின் தலைமை இயக்குநரான நாராயண மேனன் ஆகியோர் அதில் பங்கேற்றனர். இன்று எந்த வானொலி நிலையமும் கனவுகாணக்கூடிய கூட்டம்!

ஒலிப்பதிவுத் தட்டுகள் அரிதாக இருந்த போர்க்காலம் அது. பதிவானவையும் பேணப்படவில்லை. எழுத்துப் பிரதிகள் மட்டும் எஞ்சின. ஒவ்வோர் உரையும் தணிக்கையாளரின் ஒப்புதலுக்காகத் தட்டச்சு செய்யப்பட வேண்டியிருந்தது. பிபிசி ஆவணக் காப்பகத்தில் கிடந்த அவற்றை ஓர் ஆய்வாளர் தேடியெடுத்து, 1985-இல் நூலாக்கினார். தணிக்கை ஒரு நன்மையும் செய்திருக்கிறது என்று ஒப்புக்கொள்ள வேண்டியதுதான்.

எனக்கும் சிறு அனுபவம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு வானொலி நிலையத்தில் கிராமக் கடன் குறித்துத் தொடர் உரை நிகழ்த்தினேன். பின்னர் அதன் பிரதி கேட்டுச் சென்றபோது, அந்த நாடாவில் வேறு நிகழ்ச்சி பதியப்பட்டுவிட்டது என்றனர். என் உரை அழிந்ததில் நாட்டுக்கு நட்டமில்லை. அதே அலமாரியில் எந்த நாகசுரமும் எந்த உழவரின் பேட்டியும் அவ்வாறே அழிந்தன என்பதுதான் என்னை உறுத்தியது.

பொருளாதாரத்தில் பொதுப்பண்டம் என்றொரு கருத்து உண்டு. ஒருவர் துய்ப்பதால் மற்றவருக்குக் குறையாத பண்டம் அது. ஆவணப் பதிவு அத்தகையது. எண்மமாக்கிய பின் மேலும் ஒருவர் கேட்பதற்கு ஆகும் செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. வானொலிப் பெட்டிக்கு ஆண்டுதோறும் அஞ்சலகத்தில் உரிமக் கட்டணம் செலுத்திய தலைமுறை எங்களுடையது. அந்தப் பதிவுகளுக்கான விலையை ஒருமுறை கொடுத்தாயிற்று.

சட்டம் தடையாக இருக்கிறது என்பர். இந்தியாவில் ஒலிபரப்பு நிறுவனத்தின் மறுபதிப்புரிமை 25 ஆண்டுகள். வெளியிடப்பட்ட ஒலிப்பதிவின் பதிப்புரிமை 60 ஆண்டுகள். பாடலாசிரியர், இசையமைப்பாளர் உரிமைகள் தனி. கலைஞருக்குரியதைக் கொடுத்தே ஆகவேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால், காலம் கடந்த பதிவுகளும் பூட்டிய அறையில்தானே இருக்கின்றன? உரிமை காலாவதியாவதால் மட்டும் கதவு திறந்துவிடுவதில்லை. பட்டியலையாவது இணையத்தில் வெளியிட்டால் என்ன இருக்கிறது, எது நைந்துகொண்டிருக்கிறது என்பது தெரியவரும்.

தம் உழைப்பைக் கேட்பவர் மிகச் சிலரே என்ற சோர்வுடன் ஆர்வெல் 1943 நவம்பரில் பிபிசியை விட்டு விலகினார். 1945-இல் 'விலங்குப் பண்ணை', 1949-இல் '1984' வெளிவந்தன. பின்னதன் நாயகனுக்கு அலுவலே பழைய ஆவணங்களைத் திருத்துவதுதான். 1950 ஜனவரி 21 அன்று, 46 வயதில், காசநோயால் லண்டனில் மறைந்தார். 'வாய்ஸ்' குழுவினர் 1942-இல் பிபிசி நிலையத்தில் எடுத்துக்கொண்ட புகைப்படம் ஒன்று இன்றும் இருக்கிறது. எலியட், தம்பிமுத்து, ஆர்வெல் எல்லோரும் அதில் இருக்கிறார்கள்.