பேக்கர் துரையின் கணக்கு

என் இடது தோளில் 2009இல் புகுந்த சன்னம் ஒன்று இன்னும் இருக்கிறது. எடுக்கப் போனால் நரம்பு கெட்டுவிடும் என்று வைத்தியர் சொன்னதால் அப்படியே விட்டுவிட்டேன். நெடுந்தூரம் பஸ்ஸில் இருந்தால் அது குத்தத் தொடங்கும். கிளிநொச்சியில் ஏறினால் தம்புள்ளை வரும்போது தோள் கடுக்கும், மாத்தளையில் இறங்கும்போது கை மரத்திருக்கும்.

மாத்தளை எங்கள் பழைய ஊர். 1977 கலவரத்துக்குப் பிறகு தாத்தா தோட்டத்து லயத்தை விட்டு வன்னிக்கு வந்தார். உறவுகள் பாதிப் பேர் இன்னும் அங்கே இருப்பதால் மாசி மகத்துக்கு முத்துமாரியம்மன் தேருக்குப் போவது வழக்கம். அப்படிப் போன ஒரு தடவை, ஓய்வுபெற்ற ஆசிரியரான என் மாமாவின் அலுமாரியில் சாமுவேல் பேக்கரின் வேட்டைப் புத்தகத்தைக் கண்டேன். நைல் நதியின் மூலத்தைத் தேடிப் போனவர், நுவரெலியாவில் ஆங்கிலேயக் குடியேற்றம் அமைத்தவர் என்றுதான் அவரை நமக்குத் தெரியும். புத்தகத்தில் நான் கண்டது வேறொரு ஆள். ஒரு ரவை எவ்வளவு எடை இருக்க வேண்டும், அதன் பின்னால் எவ்வளவு மருந்து வேண்டும் என்று வாழ்நாள் முழுக்கக் கணக்குப் போட்டவர் அவர்.

பேக்கர் 1821 ஜூன் 8ஆம் திகதி லண்டனில் பிறந்தார். மொரிசியஸிலும் ஜமேய்க்காவிலும் கரும்புத் தோட்டங்கள் வைத்திருந்த பணக்காரக் குடும்பம். 1840இல், இருபது வயது நிரம்பும் முன்பே, பிரிஸ்டல் நகரத்தின் கிப்ஸ் என்ற துப்பாக்கிக்காரரிடம் தான் வகுத்த அளவுகளைக் கொடுத்து ஒரு ரைபிள் செய்வித்தார். துப்பாக்கியின் எடை 21 இறாத்தல், அதாவது ஒன்பதரைக் கிலோ. குழல் 36 அங்குலம். கூம்பு வடிவ ரவை 4 அவுன்ஸ், ஏறக்குறைய 113 கிராம். ஒரு வெடிக்கு 16 டிராம் கரிமருந்து, ஏறக்குறைய 28 கிராம். நமக்குத் தெரிந்த ஏகே-47இன் ரவை ஏறக்குறைய 8 கிராம்தான். பேக்கருடையது அதைப்போல 14 மடங்கு.

அந்தக் காலத்து ரைபிள்களில் மருந்து குறைவாகவே போடுவார்கள். மருந்து கூடினால் ரவை குழலின் உள்வரிகளைப் பற்றாமல் வழுக்கிப் போய்விடும், குறி தப்பும் என்பது பயம். குழலுக்குள் ஆழமாக இரண்டு வரிகள் வெட்டி, 36 அங்குலத்தில் ஒரேயொரு சுற்று மட்டும் சுழலும்படி வைத்தால் ரவை வழுக்காது என்பது பேக்கரின் எண்ணம். சுழலும் ரவை பம்பரம்போல் நிலைத்து நேரே போகும், மருந்து கூடினால் தொலைவும் கூடும். இன்று கம்பனித் தோட்டாவில் திருப்தியில்லாத நெடுந்தூரச் சூட்டாளர்கள் அதன் கோதை மாற்றி, கழுத்தை ஒடுக்கி, தமக்கென்று தோட்டா வடிவமைக்கிறார்கள். அதை வைல்ட்கேட் என்று சொல்வார்கள். கோதுள்ள தோட்டா பரவலாகும் முன்பே, வாயால் மருந்து இடும் துப்பாக்கியில் பேக்கர் செய்ததும் அதே வகை வேலைதான்.

அந்தத் துப்பாக்கியோடு 1840களின் நடுவில் இலங்கைக்கு வந்தார். ஏறக்குறைய எட்டு வருடம் இங்கே இருந்தார். மின்னேரியாக் குளத்தில் எருமைகளைச் சில நூறு யார் தொலைவிலிருந்து சுட்டுப் பழகினார், காடுகளில் யானைகளைச் சுட்டார். கண்டியிலிருந்து மின்னேரியாவுக்கு வழி மாத்தளை, தம்புள்ளை ஊடாகத்தான். யானையைக் கொல்வது அன்று குற்றமல்ல. அரசாங்கமே தலைக்கு இவ்வளவு என்று சன்மானம் கொடுத்தது. 1848க்கு முந்திய மூன்று வருடத்துக்குள் வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகளுக்கு மேல் சன்மானம் கோரப்பட்டதாகக் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் பதிந்திருக்கிறார்.

அதே 1848இல் பேக்கர் நுவரெலியாவில் குடியேற்றத்தைத் தொடங்கினார். அதே வருடம் ஜூலையில் மாத்தளையில் கலகம் மூண்டது. கிராமத்தவர் வைத்திருந்த துப்பாக்கிகளுக்கும் நாய்களுக்கும் போட்ட வரி அதற்கு ஒரு காரணம். ஓகஸ்ட் 8ஆம் திகதி புரன் அப்புவைக் கண்டியில் சுட்டுக் கொன்றார்கள்.

அந்தப் பாதையில் இன்னொரு கூட்டமும் நடந்து வந்தது. மன்னாரில் கரையிறங்கி, மதவாச்சி, தம்புள்ளை, மாத்தளை என்று காட்டு வழியே கோப்பித் தோட்டங்களுக்கு நடந்த எங்கள் முன்னோர். வாந்திபேதியிலும் பசியிலும் வழியிலேயே ஆயிரக்கணக்கில் செத்துப் போனார்கள். மதவாச்சிக்குத் தெற்கே அவர்கள் நடந்த தடத்தை ஒட்டித்தான் இன்றைய ஏ9 வீதி ஓடுகிறது.

பேக்கர் 1855இல் இலங்கையை விட்டுப் போனார். அந்த வருடக் கடைசியில் முதல் மனைவி ஹென்றியெட்டா இறந்தார். 1859இல் விடின் நகரத்து அடிமைச் சந்தையில் ஒரு பெண்ணை மீட்டார். அவரே பின்னர் மனைவியான புளோரன்ஸ். இருவரும் ஆபிரிக்காவுக்குள் நடந்து 1864 மார்ச் 14ஆம் திகதி அல்பேர்ட் ஏரியை அடைந்தார்கள். அந்தப் பயணத்தில் அரை இறாத்தல் வெடிகுண்டு எறியும் துப்பாக்கி ஒன்றும் கூடவே போனது. சுட்டால் சுட்டவரையே சுழற்றிவிடும். 1869இலிருந்து எகிப்திய ஆட்சியாளருக்காக அடிமை வியாபாரத்தை ஒழிக்கப் படையோடு போனார். 1872இல் மசிண்டியில் சண்டை வந்தபோது அந்த ஊரை எரித்துவிட்டுப் பின்வாங்கினார். அடிமைகளை விடுவிக்கப் போனவர்தான் அதையும் செய்தார்.

1890இல், இறப்பதற்கு மூன்று வருடம் முன்பு, மிருகங்களைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். அதிலும் ரவைக் கணக்கு உண்டு. உடலைத் துளைத்து மறுபக்கம் போகும் ரவை தன் வலுவை வீணாக்குகிறது, மெத்தென்ற ஈயம் உள்ளேயே விரிந்து நின்றால் முழு வலுவும் உடலுக்குள் செலவாகும் என்பது அவர் முடிவு. இதில் ஒரு வகை இரக்கமும் இருக்கிறது. அரைகுறைக் காயத்தோடு காட்டுக்குள் ஓடி நாட்கணக்கில் கிடந்து சாவதைவிட உடனே விழுவது மேல். ஆனால் அவர் இறந்து சில வருடத்தில், கல்கத்தாவுக்குப் பக்கத்து டம்டம் ஆயுதச்சாலையில் இதே எண்ணம் மனிதருக்கான ரவையானது. உடலுக்குள் விரியும் ரவையைப் போரில் பயன்படுத்தக் கூடாது என்று 1899இல் ஹேக் மாநாடு பிரகடனம் செய்ய வேண்டியிருந்தது.

பேக்கர் 1893 டிசம்பர் 30ஆம் திகதி இங்கிலாந்தில் தன் வீட்டில் இறந்தார். அவர் கொடியவர் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. துணிவும் கூர்மையும் உள்ள மனிதர். ஆனால் அவருடைய கணக்கு ரவை நிற்கும் இடத்தோடு முடிந்துவிடுகிறது. எங்களுக்கு அங்கேதான் தொடங்குகிறது. எந்தக் கையால் தண்ணீர் அள்ளுவது, எந்தப் பக்கம் சரிந்து படுப்பது, பிள்ளையை எந்தத் தோளில் தூக்குவது என்று அது தினமும் நீள்கிறது.

என் எக்ஸ்ரேயில் அந்தச் சன்னம் ஒரு பயறு அளவுதான். அது எத்தனை துண்டாகச் சிதற வேண்டும், எவ்வளவு தூரம் போக வேண்டும் என்று யாரோ ஒருவர் மேசையில் இருந்து அக்கறையோடு கணக்குப் போட்டிருப்பார். அவர் பெயர் எனக்குத் தெரியவராது. பேக்கரின் பெயராவது தெரிந்தது.

புத்தகத்தை மாமாவிடம் திருப்பிக் கொடுத்தேன். மறுநாள் தேர். எல்லாரோடும் சேர்ந்து வடம் பிடித்தேன், வலது கையால்.