அரிய சொல்லுக்கும் ஓர் இடம்: யார் இந்த ஜேம்ஸ் முர்ரே?

கேள்விப்படாத ஓர் ஆங்கிலச் சொல் கண்ணில் பட்டால், செல்போனில் தட்டினால் போதும். பொருளும் உச்சரிப்பும் நொடியில் வந்துவிடும். இதே வேலையைத் தோட்டத்துத் தகரக் கொட்டகையில் உட்கார்ந்து, 36 வருஷம் கையால் செய்தவர் ஜேம்ஸ் முர்ரே.

யார் இவர்?

ஸ்காட்லாந்தின் டென்ஹோம் கிராமத்தில் 1837-ல் தையற்காரரின் மகனாகப் பிறந்தார். 14 வயதோடு பள்ளிப் படிப்பு நின்றது. ஆசிரியர் வேலை, லண்டனில் வங்கி குமாஸ்தா வேலை என்று பிழைப்பு ஓடியது. ஆனால், மொழிகள் மீதான மோகம் மட்டும் விடவே இல்லை. பல மொழிகளைத் தானாகவே கற்றார்.

1879-ல் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் ஆசிரியரானார். பத்து வருஷத்தில் முடித்துவிடலாம் என்பது கணக்கு. ஐந்து வருஷம் கழித்து முதல் பகுதி வெளிவந்தபோது எட்டியிருந்த சொல் 'ஆன்ட்', அதாவது எறும்பு!

எப்படி வேலை நடந்தது?

தன்னார்வ வாசகர்கள் பழைய, புதிய நூல்களைப் படித்து, ஒவ்வொரு சொல்லும் வரும் வாக்கியத்தைச் சீட்டில் எழுதித் தபாலில் அனுப்பினார்கள். ஆக்ஸ்போர்டில் அவர் வீட்டு வாசலிலேயே தபால் பெட்டி வைக்கும் அளவுக்குக் கடிதங்கள் குவிந்தன. சீட்டுகளைப் பிரித்து அடுக்கியதில் அவருடைய பிள்ளைகளுக்கும் பங்குண்டு.

வழக்கொழிந்த சொல்லையும் அவர் தள்ளிவிடவில்லை. அதன் முன் ஒரு சிலுவைக் குறி போட்டுச் சேர்த்துக்கொண்டார். ஒரே ஒரு தருணத்துக்காக உருவான சொல்லுக்கு 'நான்ஸ் வேர்ட்' என்று பெயரும் வைத்தார். சர்வதேச ஒலிக்குறிகள் வராத காலம் அது. அதனால் உச்சரிப்பைக் காட்டத் தனிக் குறியீட்டு முறையையே உருவாக்கினார். நம்ம கட்டுமரமும் 'கேட்டமரான்' ஆக, தமிழ் வேரோடு இதில் இடம்பிடித்தது.

விட்டுப்போன சொல்

ஒரு சொல் அரியதா, இல்லையா என்று யார் முடிவு செய்வது? முர்ரேவுக்கே இதில் சறுக்கியது. 'அப்பென்டிசைட்டிஸ்' (குடல்வால் அழற்சி) வெறும் மருத்துவக் கலைச்சொல் என்று நிபுணர் ஒருவர் சொன்னதால் அதை விட்டுவிட்டார். 1902-ல் மன்னர் ஏழாம் எட்வர்டுக்கு அதே நோய் வந்து, முடிசூட்டு விழாவே தள்ளிப்போனது. ஒரே நாளில் அந்தச் சொல் ஊரெல்லாம் பரவியது. அகராதியில் தேடியவர்களுக்குத்தான் கிடைக்கவில்லை.

1908-ல் 'சர்' பட்டம் பெற்ற முர்ரே, 1915-ல் காலமானார். அப்போது 'டி' எழுத்துக்கான வேலையில் இருந்தார். அகராதி முழுமையாக வெளிவந்தது 1928-ல். நான்கு லட்சத்துக்கும் அதிகமான சொற்கள் அதில் இருந்தன. ஏறத்தாழ பாதி, முர்ரே தொகுத்தது. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பது சும்மாவா?