வெங்காற்றை ஏவல் கொண்டவர்

கொட்டகலையில் வாழும் எமக்குத் தேயிலையின் மணம் புதிதன்று. கொழுந்து பறிக்கும் விரல்களைப் பாடிய புலவர் பலர். அக்கொழுந்தைத் தேயிலையாக்கும் இயந்திரங்களையோ, அவற்றைச் சமைத்தோரையோ நம் இலக்கிய அன்பர்கள் அதிகம் எண்ணியதில்லை. சிரோக்கோ என்னும் உலர்த்தும் இயந்திரத்தைப் படைத்த சாமுவேல் கிளெலண்ட் டேவிட்சனின் வாழ்க்கையை ஈண்டுச் சுருங்க உரைக்க விழைகின்றேன். ஒரு பொருள் நெடுங்காலம் நிலைப்பது எதனால் என்னும் வினாவுக்கு அவ்வாழ்க்கையில் விடையுண்டு.

டேவிட்சன் 1846 ஆம் ஆண்டில் அயர்லாந்தின் வடபகுதியில் பிறந்தார். இளமையிலேயே பள்ளியை விட்டுப் பெல்பாஸ்ட் நகரில் பொறியியலாளர் ஒருவரிடம் தொழில் பயின்றார். தந்தையார் இந்தியாவில் ஒரு தேயிலைத் தோட்டத்திற் பங்கு வாங்கவே, மகன் 1864 இல் கச்சார்ப் பகுதிக்குக் கப்பலேறினார். அப்போது அவருக்குப் பதினெட்டு வயதளவே.

அக்காலத்தில் தேயிலை செய்வது முழுவதும் கையுழைப்பே. வாட்டிய கொழுந்தைக் கையால் உருட்டுவர். பின் கரிநெருப்பின்மேல் தட்டுகளில் இட்டு உலர்த்துவர். நெருப்பு மிகின் இலை கருகும், குறையின் புளிக்கும், புகை படின் மணமே கெடும். இளைஞர் டேவிட்சன் இவ்வல்லலை நாடோறும் கண்டார். நெருப்பை இலையினின்று பிரித்துவிட்டு, அதன் வெப்பத்தை மட்டும் காற்றின் வழியே இலைக்கு அனுப்பினால் என்ன என்று சிந்தித்தார். எழுபதுகளில் தாயகம் திரும்பிய அவர் அவ்வெண்ணத்தை இரும்பில் வடித்தார். அடுப்பிற் சூடேறிய தூய காற்று மேலெழுந்து, அடுக்கிய தட்டுகளிலுள்ள இலையினூடே சென்று ஈரத்தைக் கவர்ந்தது. பாலைவனத்து வெங்காற்றின் பெயரே அதற்குப் பெயராயிற்று. 1881 இல் பெல்பாஸ்டில் சிரோக்கோ ஆலையை நிறுவினார்.

அவர் அத்துடன் அமையவில்லை. 1898 இல், முன்னோக்கி வளைந்த குறுகிய தகடுகள் பலவற்றை உருளைபோல் அமைத்து, புதுவகை விசிறி ஒன்றைப் படைத்தார். தேயிலைக்கென எழுந்த ஆராய்ச்சி சுரங்கங்களுக்கும் கப்பல்களுக்கும் காற்றூட்டலாயிற்று. 1921 இல் அரசு அவருக்கு வீரப்பட்டம் வழங்கியது. அவ்வாண்டிலேயே அவர் மறைந்தார்.

இலங்கையில் ஜேம்ஸ் டெயிலர் 1867 இல் லூல்கந்துரையில் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை நட்டார். 1869 முதல் கோப்பியை இலைநோய் அழிக்கவே, மலையகமெங்கும் தேயிலை பரவிற்று. தோட்ட மக்கள் ஸ்டோர் என வழங்கும் தொழிற்சாலைகள் எழுந்தன. சிரோக்கோவும் வந்து சேர்ந்தது.

பெல்பாஸ்டிலிருந்து ஓர் உறுப்பு மலைக்கு வந்துசேரப் பல வாரங்கள் கழியும். பறித்த கொழுந்தோ மறுநாளைக்கும் காத்திராது. ஆகவே பழுது நேர்ந்த இடத்திலேயே அது திருத்தப்படல் வேண்டும். தோட்டத்திற் பாடுபட்ட டேவிட்சன் இதனை நன்குணர்ந்திருப்பார் என்பதே என் கருத்து. நெருப்பை நேரே தாங்கும் இரும்புச் சட்டங்களே முதலில் தேய்வன. அவற்றை மட்டும் கழற்றி மாற்றினால் ஏனைய உடல் தொடர்ந்து உழைக்கும். திருகாணியைத் திருகவும் தகட்டைத் தட்டவும் அறிந்த பிற்றர் ஒருவர் இருந்தாற் போதும்.

இன்றைய வீட்டுப் பொருள்களின் நிலை வேறு. பாத்திரங் கழுவும் இயந்திரத்தில் ஒரு சிறு மின்சுற்றுப் பலகை பழுதானால், நீரிறைக்கும் பொறியும் உருக்குத் தொட்டியும் நலமாயிருந்தும் முழுவதும் குப்பைக்குச் செல்வதுண்டு. பழையன யாவும் சிறந்தன என்று நான் வாதாடவில்லை. பழையவற்றுள் நலிந்தவை என்றோ பழைய இரும்பாய்ப் போயின. எஞ்சியவற்றையே நாம் காண்கிறோம். நீரையும் மின்சாரத்தையும் சிக்கனமாகச் செலவிடுவதிற் புதியன மேம்பட்டவை. ஆயினும் திறக்கவொண்ணாப் பொருள் எத்துணை நுட்பமுடையதாயினும் ஒருமுறை வீழ்ந்தால் எழாது. ஐரோப்பிய ஒன்றியம் 2021 முதல், பாத்திரங் கழுவும் இயந்திரங்களுக்குரிய உதிரிப்பாகங்களுட் சிலவற்றை ஏழாண்டும் சிலவற்றைப் பத்தாண்டும் கிடைக்கச் செய்யவேண்டுமென உற்பத்தியாளரைச் சட்டத்தாற் கட்டியுள்ளது. மலையகத்து ஸ்டோர்கள் சட்டமின்றியே கைக்கொண்ட நெறி இது.

டேவிட்சனின் பெயரை வரலாறு காத்தது. அவருடைய இயந்திரங்களை இராப்பகலாய்க் கழற்றிப் பூட்டி வாழவைத்த நம்மவர் பெயர்களோ எந்த ஏட்டிலும் இல்லை. அவர்கள் அறிவு ஏட்டறிவன்று; காதால் ஓசையை ஓர்ந்து, கையால் சூட்டை அளந்து பெற்றது. தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்ற அவ்வறிவு, மகன் வேறு தொழில் நாடிக் கொழும்புக்குச் செல்லுங்கால் அறுந்துவிடுகிறது. ஆசிரியர்களே, மாணவர்களே! ஓய்வுபெற்ற பிற்றர் ஒருவர் உங்கள் லயத்தில் இருப்பாராயின் அவர் அருகே அமர்ந்து கேளுங்கள். அவர் கூறும் உறுப்புப் பெயர்களையும் திருத்தும் முறைகளையும் எழுதிவையுங்கள். தமிழில் எழுதப்படாத ஒரு நூல் அங்கே இருக்கின்றது.