ஜே.சி. குமரப்பா: குப்பையையும் வரவில் வைத்த கணக்காளர்

நம் குடியிருப்பில் மாடித் தோட்டம் போடலாமா என்ற பேச்சு இரண்டு கூட்டங்களாக ஓடிக்கொண்டிருக்கிறது. தளம் ஒழுகும் என்பவர்கள் ஒரு பக்கம், வீட்டுக் கீரைக்கு ஈடு உண்டா என்பவர்கள் மறுபக்கம். செடி வளர்ப்பில் என்னைவிடத் தேர்ந்தவர்கள் இங்கே பலர் இருக்கிறார்கள். நான் பி.காம். படித்து, வங்கியில் பேரேடு புரட்டி ஓய்வு பெற்றவன். அதனால் நம் தொழிலைச் சேர்ந்த ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். காய்கறியையும் எருவையும் வரவு செலவாகப் பார்த்தவர் அவர்.

ஜோசப் செல்லதுரை கொர்னேலியஸ் 1892 ஜனவரி 4 அன்று தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை பொதுப்பணித் துறை அலுவலர். மகன் லண்டன் சென்று கணக்குத் தணிக்கையாளரானார். பம்பாய்க்குத் திரும்பித் தணிக்கை நிறுவனம் நடத்தினார். நல்ல வருமானம், மேல்நாட்டு உடை, மேல்நாட்டுப் பழக்கம். பிறகு அமெரிக்கா சென்று சிராக்யூஸில் வணிக நிர்வாகமும், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதியும் படித்தார். அங்கே அவர் இந்தியா ஏன் ஏழையாக இருக்கிறது என்பது பற்றிப் பேசிய செய்தி பேராசிரியர் செலிக்மனின் கண்ணில் பட்டது. அதையே ஆராயச் சொன்னார் பேராசிரியர். ஆங்கில அரசின் வரவு செலவுக் கணக்கைப் பிரித்துப் பார்க்கப் பார்க்க, கொர்னேலியஸ் வேறு மனிதராகிவிட்டார். ஊர் திரும்பியதும் குடும்பத்தின் பழைய பெயரான குமரப்பாவைச் சூட்டிக்கொண்டார்.

1929 மே மாதம் தம் ஆய்வுக் கட்டுரையைக் காட்டச் சபர்மதி ஆசிரமம் போனார். குறித்த நேரத்துக்கு முன்பே வந்துவிட்டதால் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். மரத்தடியில், சாணம் மெழுகிய தரையில் ஒரு கிழவர் ராட்டை சுற்றிக்கொண்டிருந்தார். நேரம் வந்ததும் அந்தக் கிழவரே தம்மைக் காந்தி என்று அறிமுகம் செய்துகொண்டார். குமரப்பா பட்டு உடை கசங்குவதைப் பொருட்படுத்தாமல் அதே தரையில் அமர்ந்தார். அதன் பிறகு பம்பாய்த் தொழிலுக்கு அவர் திரும்பவே இல்லை.

காந்தி முதலில் கொடுத்த வேலை குஜராத்தில் மாதர் தாலுகாவின் கிராமங்களைக் கணக்கெடுப்பது. மொழி தெரியாத ஊரில் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய் வரவு செலவைக் குறித்தார். 1934 பீகார் நிலநடுக்க நிவாரணத்தில் பணப்பொறுப்பு அவரிடம் இருந்தது. தொண்டர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 3 அணாதான் செலவு என்று விதி வைத்தார். காந்தியின் கூட்டத்தார் வந்தபோதும் அந்த விதியைத் தளர்த்தவில்லை, நிவாரணப் பணத்திலிருந்து அவர்கள் செலவைத் தர மறுத்துவிட்டார் என்று சொல்வார்கள். வவுச்சர் பார்த்துப் பழகியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நெஞ்சுரம் என்று தெரியும்!

அதே ஆண்டின் இறுதியில் அகில இந்திய கிராமத் தொழில் சங்கம் தொடங்கியது. வார்தாவில் ஜம்னாலால் பஜாஜ் கொடுத்த தோட்டத்துக்கு மகன்வாடி என்று பெயரிட்டு அங்கே இயங்கினார்கள். செயலாளர் குமரப்பா. கைக்குத்தல் அரிசி, செக்கு எண்ணெய், தேனீ, பனைவெல்லம், கையால் செய்த காகிதம் என எல்லாம் நடந்தன. அவற்றோடு, எவரும் மூக்கைப் பொத்திக்கொள்ளும் ஒரு வேலையும் நடந்தது. கழிவறைக் கழிவையும் குப்பையையும் மக்கவைத்து எருவாக்கினார்கள். சற்று முன்புதான் இந்தூரில் ஆல்பர்ட் ஹோவர்ட் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி சருகையும் சாணத்தையும் அடுக்கடுக்காகப் போட்டு, கிளறிவிட்டு, சுமார் மூன்று மாதத்தில் உரமாக்கும் முறையை வகுத்திருந்தார். இன்று நம் ஈரக் குப்பையைக் காய்ந்த இலையோடு கலந்து தொட்டியில் போடுவதும் ஏறக்குறைய அதே வித்தைதான்.

குமரப்பாவின் பார்வை எளிமையானது. நிலத்திலிருந்து எடுத்ததை நிலத்துக்குத் திருப்பிக் கொடுக்காவிட்டால் முதலைச் சாப்பிட்டுக்கொண்டே லாபம் என்று எழுதுவதாகும். 1942 போராட்டத்தில் சிறை சென்றவர் ஜபல்பூர்ச் சிறையில் நிலைத்த பொருளாதாரம் பற்றி நூல் எழுதினார். நிலக்கரி, பெட்ரோல் போன்றவை எடுக்க எடுக்கக் குறையும் இருப்பு. ஆற்று நீர், மரம் போன்றவை ஓட்டம். வாழ்க்கையை ஓட்டத்தின் மேல்தான் கட்ட வேண்டும் என்றார். சுற்றுச்சூழல் என்ற சொல்லே நம்மிடம் புழங்காத காலம் அது! அதே நூலில் ஒரு லட்சம் பேருக்கு எந்தப் பயிர் எவ்வளவு ஏக்கரில் வேண்டும் என்று பட்டியல் போட்டார். ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தானியம் 16 அவுன்ஸ், காய்கறி 8 அவுன்ஸ். 8 அவுன்ஸ் என்றால் சுமார் 225 கிராம். நம்மில் எத்தனை பேர் தட்டில் அவ்வளவு விழுகிறது? சந்தை விலை பார்த்துக் கரும்பும் புகையிலையும் போடுவதைவிட, ஊராரின் வயிற்றைப் பார்த்துப் பயிரிட வேண்டும் என்பது அவர் கட்சி.

அந்தக் கட்சி தோற்றது. நேரு தலைமையிலான தேசியத் திட்டக் குழுவில் இருந்தவர், போகும் திசை பிடிக்காமல் விலகியிருந்தார். சுதந்திரம் வந்ததும் காங்கிரஸின் நிலச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைமை தாங்கி 1949-ல் அறிக்கை தந்தார். நாடோ டிராக்டருக்கும் ரசாயன உரத்துக்கும் போனது. 1951-ல் சிந்திரி உரத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. ரசாயன உரம் மண்ணுக்கு ஊக்கமருந்து போன்றது, உணவாகாது என்று அவர் சொன்னதைப் பழமைவாதம் என்று ஒதுக்கினார்கள். பசியில் இருந்த நாட்டுக்கு உரமும் வேண்டித்தான் இருந்தது என்று நான் நினைக்கிறேன். ரேஷன் வரிசையில் நின்ற தலைமுறையைக் கேட்டால் தெரியும். ஆனால் மண்ணின் இருப்பை யார் தணிக்கை செய்வது என்ற அவருடைய கேள்விக்கு அன்று யாரும் பதில் சொல்லவில்லை.

அவர் சளைக்கவில்லை. வார்தாவுக்கு அருகே சேல்டோ கிராமத்தில் பண்ணை ஆசிரமம் என்று தமிழ்ப் பெயரே வைத்து, தம் பட்டியலை மண்ணில் சோதித்துப் பார்த்தார். ரத்த அழுத்தம் உடம்பை வாட்டியபோது மதுரை மாவட்டம் தே.கல்லுப்பட்டியில் காந்தி நிகேதன் ஆசிரமத்துக்கு வந்து தங்கினார். திருமணம் செய்துகொள்ளவில்லை, சொத்தும் சேர்க்கவில்லை.

கல்லுப்பட்டிக் குடிசைச் சுவரில் காந்தியின் படத்தோடு ஓர் ஏழை விவசாயியின் படமும் இருந்தது. காந்தி தமக்குக் குரு, அந்த விவசாயி குருவுக்கும் குரு என்று வந்தவர்களுக்கு விளக்குவாராம். 1960-ல் சென்னையில் காலமானார். அன்று ஜனவரி 30, காந்தியின் நினைவு நாள்.