ஏழைகளுக்காகக் கட்டியவர்: ஹசன் ஃபாத்தி

கட்டடக்கலைத் துறையில் காலடி வைத்தபோது, வானுயர்ந்த கோபுரங்களைக் கட்ட வேண்டும் என்பதே என் கனவாக இருந்தது. கண்ணாடியும் இரும்பும்தான் முன்னேற்றத்தின் அடையாளம் என்று நம்பினேன். அந்த நம்பிக்கையை அசைத்தவர், நான் பிறப்பதற்கு முன்பே மறைந்துவிட்ட ஓர் எகிப்தியர். அவர் பெயர் ஹசன் ஃபாத்தி.

1900ஆம் ஆண்டு அலெக்சாண்டிரியாவில் வசதியான குடும்பத்தில் பிறந்த அவர், 1926இல் கெய்ரோவில் கட்டடக்கலைப் பட்டம் பெற்றார். கிராமத்து உழவர்களின் குடியிருப்புகள் இருந்த நிலை அவர் மனத்தை வாட்டியது. சிமெண்டும் இரும்பும் அந்த மக்களுக்கு எட்டாக்கனி. ஆனால், காலடி மண்ணுக்கு யாரும் விலை கேட்பதில்லை. மண்ணையும் வைக்கோலையும் குழைத்து, வெயிலில் காயவைத்த கல்லால் சுவர் எழுப்பிவிடலாம். கூரைக்கு என்ன செய்வது? எகிப்தில் மரம் அரிது. இரண்டாம் உலகப் போரோ இருந்த வழியையும் அடைத்துவிட்டது. மண்கல்லாலேயே வளைகூரை அமைக்க முயன்றார். அது இடிந்து விழுந்தது.

அந்தத் தோல்வி 1941இல் அவரை அஸ்வான் பகுதிக்கு அழைத்துச் சென்றது. அங்கே நூபியக் கொத்தனார்கள், தாங்கிப் பிடிக்க மரச்சட்டம் எதுவும் இல்லாமலேயே, பின்சுவரில் சாய்த்து ஒவ்வொரு வரிசையாகக் கல்லை ஒட்டி வளைகூரை கட்டினார்கள். தலைமுறை தலைமுறையாக வந்த கைத்திறன் அது. பட்டம் பெற்றவர், பட்டறிவு பெற்றவர்களிடம் பாடம் கேட்டார்.

1945இல் பெரிய வாய்ப்பு வந்தது. லக்சர் நகருக்கு எதிரே, பழங்காலக் கல்லறைகளின் மேல் குடியிருந்த குர்னா மக்கள் சுமார் 7,000 பேரை வேறிடத்தில் குடியமர்த்த அரசின் தொல்பொருள் துறை முடிவு செய்தது. புதிய ஊரை அமைக்கும் பொறுப்பு ஃபாத்தியிடம் வந்தது. வெப்பத்தைத் தடுக்கும் தடித்த சுவர்கள், முற்றங்கள், மேலே வீசும் காற்றைப் பிடித்து உள்ளே இறக்கும் காற்றுக்கூண்டுகள், பள்ளிவாசல், சந்தை, பள்ளிக்கூடம், அரங்கம் எனப் பார்த்துப் பார்த்துக் கட்டினார். வீடுகள் ஒரே அச்சில் வார்த்தவையாக இருக்கக்கூடாது என்பதில் உறுதியாக இருந்தார்.

ஆனால், மக்கள் வர மறுத்தார்கள். கல்லறைப் பொருள்களை விற்றுப் பிழைத்தவர்கள் அவர்களிடையே பலர் இருந்தனர். பழைய ஊரிலேயே அவர்களின் வாழ்வு வேரூன்றியிருந்தது. கரையை வெட்டிப் புதிய ஊருக்குள் வெள்ளத்தை விட்ட சம்பவமும் நடந்தது. 1940களின் இறுதியில் பணி பாதியில் நின்றது. வீடு எப்படி இருக்க வேண்டும் என்று ஃபாத்தி சிந்தித்தார். ஊரைவிட்டுப் போகச் சம்மதமா என்று மட்டும் அம்மக்களை யாரும் கேட்கவில்லை.

அவர் தம் தோல்வியை மறைக்கவில்லை. குர்னாவின் கதையை 1969இல் நூலாக வெளியிட்டார். 1973இல் ஏழைகளுக்கான கட்டடக்கலை என்னும் பொருள்படும் தலைப்பில் அமெரிக்காவில் வெளிவந்த அதே நூல், அவரை உலகறியச் செய்தது. 1980இல் ஆகா கான் கட்டடக்கலை விருதுக் குழுவின் தலைவர் விருது அவரைத் தேடி வந்தது. 1989இல் கெய்ரோவில் காலமானார்.

குர்னாவைப் பற்றிப் படித்தபோது என் பாட்டியின் நினைவு வந்தது. தோட்டத்து லயத்தில் வாழ்ந்த காலத்தில், மாலையானால் அவர் அஞ்சடியில் அமர்ந்து அக்கம்பக்கத்தாரோடு பேசிக்கொண்டிருப்பாராம். இன்று அவர் வசிக்கும் அடுக்குமாடி வீட்டில் தண்ணீர், மின்சாரம், மூன்று அறைகள் எல்லாம் உண்டு, அஞ்சடிதான் இல்லை. மாலையில் நடைபாதையில் நாற்காலியைப் போட்டு, யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருப்பார். அந்தக் கட்டடத்தை வரைந்தவர் கெட்டவர் அல்லர்; பாட்டியைப் போன்றவர்களிடம் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

நாளை நம்மில் சிலர் வீடு வரைவோம். சிலர் திட்டம் தீட்டுவோம். எந்தத் துறைக்குப் போனாலும், பென்சிலை எடுக்கும் முன் அங்கே வாழப் போகிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்போம். ஹசன் ஃபாத்தியின் வெற்றியைவிட, அவருடைய தோல்வியே எனக்கு இதைக் கற்பித்தது.