சைக்கிளில் கியர் போடுவது அவமானமா? மேடு ஏறுபவர்களுக்காக 40 வருஷம் வாதாடிய 'வெலோசியோ'வின் கதை

மேடு வந்தால் கியரைக் குறைக்கிறோம். விரல் நுனியில் ஒரு 'க்ளிக்'. செயின் ஒரு பல்சக்கரத்தில் இருந்து இன்னொன்றுக்குத் தாவுகிறது. காலுக்கு பாரம் குறைகிறது. இன்று ஸ்கூல் பசங்க ஓட்டும் சைக்கிளில்கூட இருக்கும் இந்த வசதியை, ஒரு காலத்தில் பலவீனத்தின் அடையாளமாகப் பார்த்தார்கள் என்றால் நம்ப முடிகிறதா?

அந்தப் பார்வையை எதிர்த்து ஏறக்குறைய 40 வருஷம் எழுதியும் ஓட்டியும் காட்டியவர் பிரான்ஸைச் சேர்ந்த பால் டி விவி. சைக்கிள் உலகம் அவரை 'வெலோசியோ' என்ற புனைபெயரில்தான் நினைவில் வைத்திருக்கிறது. பந்தயத்துக்காக இல்லாமல் ஊர் சுற்றுவதற்காக சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு இவர் ஒரு குருநாதர் மாதிரி.

யார் இந்த வெலோசியோ?

1853ல் தெற்கு பிரான்ஸின் ப்ரோவான்ஸ் பகுதியில், பெர்ன் என்ற சிற்றூரில் பிறந்தவர். பின்னர் செயின்ட் எட்டியென் நகரில் பட்டு வியாபாரம் செய்தார். நிலக்கரி, ரிப்பன், துப்பாக்கி மூன்றுக்கும் பெயர் போன தொழில் நகரம் அது. நல்ல வருமானம், நல்ல மரியாதை. படிப்பிலும் ஆர்வம் அதிகம். பழைய கிரேக்க இலக்கியம் வரை வாசிப்பவர்.

28 வயதில், 1881ல், அவர் ஒரு சைக்கிள் வாங்கினார். அப்போதைய சைக்கிள் என்றால் முன்சக்கரம் ராட்சத சைஸில், பின்சக்கரம் குட்டியாக இருக்கும். பெடல் நேராக முன்சக்கரத்திலேயே பொருத்தப்பட்டிருக்கும். செயின் கிடையாது. கீழே விழுந்தால் தலைகுப்புறத்தான்.

ஆனால் அந்த வண்டி அவரைப் பிடித்துக்கொண்டது. வியாபார விஷயமாக இங்கிலாந்து போனபோது, சைக்கிள் தொழிலின் தலைநகராக இருந்த கோவென்ட்ரியில் புது மாடல்களைப் பார்த்தார். 1887ல் பட்டுத் தொழிலையே விற்றுவிட்டு, செயின்ட் எட்டியெனில் சைக்கிள் கடை திறந்தார். அதே வருஷம் ஒரு சைக்கிள் பத்திரிகையும் தொடங்கினார். அதுதான் பின்னாளில் 'லு சிக்லிஸ்ட்' என்ற பெயரில் புகழ் பெற்றது. கடை அவரைப் பணக்காரர் ஆக்கவில்லை. பத்திரிகைதான் அவர் பெயரை நாடு முழுக்கக் கொண்டு போனது.

பைப் பிடித்தபடி முந்திப் போனவர்

செயின்ட் எட்டியெனில் இருந்து தெற்கே கிளம்பினால் உடனே மலைதான். சுமார் 13 கிலோமீட்டர் ஏறினால் 1,161 மீட்டர் உயரத்தில் 'கோல் டி லா ரிபப்ளிக்' என்ற கணவாய் வரும். வெலோசியோவின் வாழ்க்கை முழுவதும் இந்த ஏற்றத்தைச் சுற்றித்தான்.

1889ல் நடந்ததாக ஒரு சம்பவத்தைச் சொல்வார்கள். வெலோசியோ மூச்சு வாங்க மேடு ஏறிக்கொண்டிருந்தாராம். அவருடைய பத்திரிகையைப் படிக்கும் வாசகர் ஒருவர், வாயில் பைப்போடு, அலட்டிக்காமல் அவரை முந்திக்கொண்டு போய்விட்டாராம். பத்திரிகை ஆசிரியருக்கு இதைவிட என்ன வேண்டும்? சறுக்கியது எங்கே, உடம்பிலா வண்டியிலா என்று யோசிக்க ஆரம்பித்தார். விடை வண்டியில் இருந்தது.

கியர் என்ன செய்கிறது?

கணக்கு ரொம்ப சிம்பிள். முன்னால் 40 பல், பின்னால் 20 பல் என்று வைத்துக்கொள்வோம். பெடலை ஒரு சுற்று மிதித்தால் பின்சக்கரம் இரண்டு சுற்று சுற்றும். சமதளத்தில் வேகம் கிடைக்கும், ஆனால் மேட்டில் கால் நகராது. பின்னாலும் 40 பல் இருந்தால் ஒரு மிதிக்கு ஒரு சுற்றுதான். வேகம் பாதியாகிவிடும், மிதிக்கத் தேவையான விசையும் பாதியாகிவிடும்.

ஒரே கியர் உள்ள வண்டியில் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். மேட்டுக்கு ஏற்ற வண்டி, இறங்கியதும் ஆமை. சமதளத்துக்கு ஏற்ற வண்டியை மேட்டில் இறங்கித் தள்ள வேண்டும். அப்போ, ஓட்டிக்கொண்டே கியரை மாற்ற முடிந்தால்?

வெலோசியோவும் நண்பர்களும் வழியில்லாத வழியெல்லாம் முயற்சி செய்தார்கள். முதலில் முன்னால் இரண்டு பல்சக்கரம் வைத்து, வண்டியை நிறுத்தி, செயினைக் கையாலேயே தூக்கி மாற்றினார்கள். இரண்டு செயின் வைத்த வண்டி, முன்னோக்கி மிதித்தால் ஒரு கியர், பின்னோக்கி மிதித்தால் இன்னொரு கியர் என்று இயங்கும் வண்டி என எல்லாவற்றையும் அந்த மலையிலேயே ஓட்டிப் பார்த்தார்கள். கடைசியில் செயினைப் பக்கவாட்டில் தள்ளி அடுத்த பல்சக்கரத்துக்கு மாற்றும் முறையே நிலைத்தது. 'டிரெய்லர்' என்று நம் ஊர் சைக்கிள்காரர்கள் வாயில் புழங்கும் 'டிரெய்லியர்' இதுதான்.

இதை வெலோசியோ ஒருவரே கண்டுபிடித்தார் என்று சொல்வது சரியாக இருக்காது. இங்கிலாந்தில் ஏற்கெனவே சில முயற்சிகள் நடந்திருந்தன. அவரது வட்டத்தைச் சேர்ந்த ஜோவானி பனெல் போன்றவர்கள் அதைக் கடையில் விற்கும் பொருளாக மாற்றினார்கள். வெலோசியோவின் பங்கு வேறு. புதிதாக எது வந்தாலும் மலையில் ஓட்டிப் பார்த்து, நல்லது கெட்டது இரண்டையும் பத்திரிகையில் எழுதி, தெரிந்ததை எல்லோருக்கும் பகிர்ந்துகொண்டே இருந்தார்.

1902: ஒரு பெண் கொடுத்த பதில்

பந்தய உலகம் இதை ஏற்கவில்லை. அவர்களைப் பொறுத்தவரை சைக்கிள் என்பது தசைக்கும் மனசுக்குமான சோதனை. கியர் போட்டால் அது ஏமாற்று வேலை.

1902ல் பிரான்ஸின் டூரிங் கிளப், டூர்மலே கணவாய் உள்ள பைரனீஸ் மலைப்பகுதியில் ஒரு சோதனை ஓட்டம் நடத்தியது. அதில் மார்த் ஹெஸ் என்ற பெண் மூன்று கியர் உள்ள சைக்கிளில் கலந்துகொண்டு, எங்கேயும் இறங்கித் தள்ளாமல் ஓட்டி முடித்தார். கியர் ஆதரவாளர்களுக்கு இது பெரிய வெற்றி.

ஆனால் பத்திரிகை ஆசிரியர் ஆன்றி டெக்ராஞ்ச் அசையவே இல்லை. கியர் எல்லாம் 45 வயதைத் தாண்டியவர்களுக்குத்தான் சரி என்று கிண்டலாக எழுதினார். அடுத்த வருஷமே 'டூர் டி பிரான்ஸ்' பந்தயத்தைத் தொடங்கியவர் இவர்தான். அவர் பேச்சுக்கு இருந்த செல்வாக்கைச் சொல்ல வேண்டியதில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், 1903ல் நடந்த அந்த முதல் பந்தயமே வெலோசியோவின் கணவாய் வழியாகத்தான் போனது, ஒற்றை கியர் வண்டிகளோடு!

இந்தச் சண்டை வெறும் இரும்புத் துண்டைப் பற்றியது இல்லை. சைக்கிளும் மலையும் யாருக்குச் சொந்தம் என்பதுதான் கேள்வி. பலசாலி வீரனுக்கு மட்டுமா? நடுத்தர வயதுக்காரர், பெண்கள், வாரம் முழுக்க வேலை பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை வெளியே கிளம்பும் ஆள் எல்லோருக்குமா? வெலோசியோ இரண்டாவது பக்கம் நின்றார்.

ஓட்டுபவர்களுக்கு அவர் சொன்ன பாடம்

இரவெல்லாம் ஓட்டி ப்ரோவான்ஸ் வரை போவது அவருக்கு சகஜம். அந்த அனுபவத்தில் இருந்து சில விதிகளை வகுத்தார். பசி எடுக்கும் முன்பே சாப்பிட வேண்டும், தாகம் வரும் முன்பே குடிக்க வேண்டும். ஓய்வு குறைவாகவும் சுருக்கமாகவும் இருக்க வேண்டும். சாப்பாடும் தூக்கமும் பிடிக்காத அளவுக்கு உடம்பை வருத்தக் கூடாது. முதல் சில மணி நேரத்தில் வேகம் காட்டக் கூடாது. பயணத்தின்போது மது, இறைச்சி, புகையிலை வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலாக, அடுத்தவருக்குக் காட்டிக்கொள்வதற்காக மிதிக்கக் கூடாது. அவரே சைவ உணவுக்கு மாறியவர்தான்.

100 வருஷம் கழித்தும் நீண்ட தூரம் ஓட்டுபவர்களுக்கு இதில் பெரும்பாலானவை அப்படியே பொருந்துகின்றன.

ஊரே மலை ஏறும் நாள்

1922ல் அவரைக் கௌரவிக்க ஒரு விழா தொடங்கியது. செயின்ட் எட்டியெனில் இருந்து அவருக்குப் பிடித்த கணவாய் வரை எல்லோரும் சைக்கிளில் ஏறும் 'வெலோசியோ நாள்'. அதை அவர் உயிரோடு இருக்கும்போதே பார்த்தார். ஈஸ்டர் விடுமுறையில் சைக்கிள் பயணிகள் நாலா பக்கமிருந்தும் ஓட்டி வந்து ப்ரோவான்ஸில் சந்திக்கும் வழக்கமும் அவர் காலத்திலேயே உருவானது.

1930 பிப்ரவரியில், 76 வயதில், செயின்ட் எட்டியென் தெருவில் சைக்கிளைத் தள்ளியபடி நடந்து வந்தவர் மீது டிராம் மோதியது. எத்தனையோ மலைப்பாதைகளில் ஏறி இறங்கியவரின் உயிர் சொந்த ஊர் சாலையில் போனது. அவர் நினைவாக கணவாயின் உச்சியில் ஒரு சின்னம் நிற்கிறது.

அவர் இறந்து ஏழு வருஷம் கழித்துதான், 1937ல், டூர் டி பிரான்ஸ் டிரெய்லியரை அனுமதித்தது. அதுவரை வீரர்கள் மலையடிவாரத்தில் இறங்கி, பின்சக்கரத்தையே கழற்றித் திருப்பி மாட்டித்தான் கியர் மாற்றினார்கள். அந்த வருஷம் பட்டம் வென்ற ரோஜர் லாபெபி ஓட்டியது டிரெய்லியர் பொருத்திய வண்டி.

நம் ஊர் வரை வந்த பெயர்

1947ல் பாரிஸின் ஆடாக்ஸ் கிளப், 'ஃப்ளெஷ் வெலோசியோ' என்ற 24 மணி நேரக் குழுப் பயணத்தைத் தொடங்கியது. மூன்று முதல் ஐந்து சைக்கிள்கள் ஒரு குழு. குறைந்தது 360 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். யார் முதலில் வந்தார் என்ற கேள்வியே இல்லை, சேர்ந்து போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான். சென்னையிலும் கோவையிலும் நடக்கும் 200, 300, 400, 600 கிலோமீட்டர் 'பிரெவே' பயணங்களும் இதே பாரிஸ் கிளப்பின் விதிகளின்படிதான் நடக்கின்றன. அங்கும் முதலிடம், இரண்டாமிடம் கிடையாது. நேரத்துக்குள் முடித்த எல்லோருக்கும் ஒரே மரியாதை.

அடுத்த முறை மேட்டில் கியரைக் குறைக்கும்போது யாராவது கேலி செய்தால், அந்தக் கேலிக்கு 100 வயசுக்கு மேல் ஆகிவிட்டது என்று சொல்லுங்கள்.